சுகம் என்று இளையோர் எதைச் சொல்கிறார்கள், அதில் கைபேசி எங்கே நிற்கிறது?

மஸ்கெலியா வாசகி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். மஸ்கெலியாவுக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்து இளைஞர் கழகத்தில் மாதந்தோறும் சுகாதாரக் கலந்துரையாடல் ஒன்றை நடத்தி வருகிறேன். 16 வயது முதல் 24 வயது வரையானவர்கள் வருகிறார்கள். சிலர் உயர்தரம் படிக்கிறார்கள், சிலர் கொழும்புக் கடைகளில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர்கள், இன்னும் சிலர் தோட்டத்தில் பெயர் பதிந்து கொழுந்து எடுப்பவர்கள். சென்ற கூட்டத்தில், பேச்சைத் தொடங்கும் முன், சுகமாக இருப்பது என்றால் உங்களுக்கு என்ன என்று கேட்டு, பெயர் போடாமல் துண்டுத் தாளில் எழுதித் தரச் சொன்னேன்.

வந்த தாள்களில் காய்ச்சல், சர்க்கரை, இரத்தசோகை எதுவும் பெரிதாக இல்லை. “ராத்திரி பக்கத்துக் காம்பராவில் சண்டை கேட்காமல் தூங்குவது” என்று ஒருவர் எழுதியிருந்தார். “அம்மா மலையிலிருந்து கால்வலி இல்லாமல் வருவது” என்று இன்னொருவர். “எந்த ஊர் என்று கேட்டால் தயங்காமல் சொல்ல முடிவது” என்று ஒரு தாள். “போட்டோ போட்டால் யாரும் கறுப்பி என்று கீழே எழுதாமல் இருப்பது” என்று மற்றொன்று. இந்தக் கடைசி இரண்டு தாள்களையும் நான் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

அதன் பிறகு, பிற நாடுகளின் பூர்வகுடி இளையோர் தங்கள் உடல்நலத்தைப் பற்றிச் சொல்பவற்றைத் தேடி வாசித்தேன். அவுஸ்திரேலியாவில் 1989இல் வெளியான தேசிய அபொரிஜினல் சுகாதார மூலோபாயம், உடல்நலம் என்பது தனி ஒருவருடைய உடம்பைப் பற்றியது மட்டுமல்ல, முழுச் சமூகத்தினதும் சமூக, உணர்வு, பண்பாட்டு நலனையும் சேர்த்ததே என்று வரையறுத்திருக்கிறது. நியூசிலாந்தின் மாவோரி மருத்துவரான மேசன் டூரி 1984இல் முன்வைத்த மாதிரியில், ஆரோக்கியம் நான்கு சுவர்கள் தாங்கும் வீடாகக் காட்டப்படுகிறது. உடல், மனம், ஆன்மா, குடும்பம் ஆகிய நான்கில் ஒரு சுவர் சாய்ந்தாலும் வீடு நிற்காது. எங்கள் பிள்ளைகள் தாளில் எழுதித் தந்தவற்றையே பெரியவர்கள் ஆவணமாக்கி வைத்திருப்பதுபோல் எனக்குத் தோன்றியது.

இப்போது கழகத்தின் பெரியவர்கள், பிள்ளைகளின் தூக்கம் கெடுவதற்கும் கோபத்துக்கும் டிக்டொக்கும் முகநூலும்தான் காரணம், அடுத்த கூட்டத்தை அதைக் கைவிடச் செய்யும் கூட்டமாக வையுங்கள் என்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பூர்வகுடி இளையோரின் அனுபவத்திலிருந்து எங்கள் தோட்டப் பிள்ளைகளுக்கு எடுத்துக்கொள்ளக்கூடியது ஏதும் உண்டா, அல்லது இரண்டையும் ஒப்பிடுவதே பொருந்தாதா? தெரிந்தவர்கள் விரிவாக எழுதுங்கள்.

பொகவந்தலாவைத் தாதி எழுதுகிறார்:

வணக்கம் டீச்சர். நான் பொகவந்தலாவையில் பிறந்து வளர்ந்தவள். இப்போது அவுஸ்திரேலியாவின் நடுப்பகுதியில், அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் தாதியாக வேலை செய்கிறேன். இங்கே நான் பார்த்தவற்றையும் வாசித்தவற்றையும் மட்டும் எழுதுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது, இங்குள்ள அபொரிஜினல் மக்களுக்குத் தாங்களே நடத்தும் வைத்திய நிலையங்கள் இருக்கின்றன என்பது. 1971இல் சிட்னியின் ரெட்ஃபர்ன் பகுதியில் முதலாவது நிலையம் தொடங்கியது. 1973இல் அலிஸ் ஸ்பிரிங்ஸில் காங்கிரஸ் என்ற அமைப்பு உருவாகி, இன்றும் இயங்குகிறது. இவற்றின் நிர்வாக சபையில் இருப்பவர்கள் அந்த மக்களே. வாசலில் நிற்பவர் தன் சித்தியாகவோ மாமாவாகவோ இருப்பார் என்பதால், ஓர் இளைஞன் மனம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு உள்ளே வருவது எளிதாகிறது. அதே காரணத்தால், ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற வெட்கமும் சிலருக்கு வருகிறது. இந்த இரண்டையும் நீங்கள் தோட்ட டிஸ்பென்சரியிலும் கண்டிருப்பீர்கள்.

சமூக ஊடகத்தைப் பற்றி இங்கே மிக ஆழமாக ஆராய்ந்தவர் மக்குவாரி பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் புரொன்வின் கார்ல்சன். அவரும் அபொரிஜினல் பெண்மணியே. முகநூலைப் பூர்வகுடி மக்கள் உறவைப் பேணவும், தாங்கள் யார் என்பதைச் சொல்லவும், துயரில் உதவி கேட்கவும் கொடுக்கவும் பயன்படுத்துகிறார்கள் என்பதையும், அதே இடத்தில் இனவெறிப் பேச்சை அன்றாடம் எதிர்கொள்கிறார்கள் என்பதையும் அவருடைய ஆய்வுகள் காட்டியுள்ளன. இரண்டும் ஒரே திரையில் நடக்கின்றன. ஆகவே பிள்ளையின் கையிலிருந்து கைபேசியைப் பறிக்கும்போது வசையோடு சேர்த்து உறவையும் பறிக்கிறோம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் பாலைவனத்து ஊரிலிருக்கும் பாட்டியின் முகத்தை, நகரத்து விடுதியில் தங்கிப் படிக்கும் பேத்தி அந்தத் திரையில்தான் பார்க்கிறாள்.

அவுஸ்திரேலிய அரசு 16 வயதுக்குக் குறைந்தவர்கள் முகநூல், இன்ஸ்டகிராம், டிக்டொக், யூடியூப் போன்றவற்றில் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தை 2024 நவம்பரில் நிறைவேற்றியது. அது 2025 டிசம்பர் 10ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. தண்டப்பணம் கம்பனிகளுக்கே, பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லை. வட்ஸ்அப் அதில் அடங்கவில்லை. தொலைதூரப் பூர்வகுடிப் பிள்ளைகள் உறவிலிருந்து துண்டிக்கப்படுவார்களே என்ற கவலையும் அப்போது எழுந்தது. உங்கள் பெரியவர்கள் இந்தச் சட்டத்தைக் காட்டி வாதாடக்கூடும் என்பதால் எழுதுகிறேன்: இந்தச் சட்டத்தின் பாரம் கம்பனிகள் மீது ஏற்றப்பட்டிருக்கிறது. உங்கள் கழகத்தில் பேசப்படுவதோ பிள்ளையின் மீது ஏற்றும் பாரம்.

நல்ல உதாரணம் ஒன்றும் உண்டு. பிரிஸ்பேன் நகரத்துப் பூர்வகுடிச் சுகாதார நிறுவனம் ‘டெட்லி சாய்சஸ்’ என்ற இயக்கத்தை நடத்துகிறது. பூர்வகுடி மக்களுக்கென்றே உள்ள வருடாந்த உடற்பரிசோதனையைச் செய்துகொள்பவர்களுக்கு அழகான ரீ-சேர்ட் ஒன்று தருவார்கள். ரக்பி லீக் வீரர்களும் உள்ளூர்ப் பிள்ளைகளும் அதை அணிந்து முகநூலில் படம் போடுவார்கள். ‘புகைக்காதே’, ‘குடிக்காதே’ என்று அதட்டும் சுவரொட்டியைவிட, தன் மச்சான் அந்தச் சட்டையோடு சிரிக்கும் படம் ஒரு பையனை வைத்தியரிடம் கொண்டுபோய்விடுகிறது. செய்தியைச் சொல்பவர் யார் என்பதைத்தான் இளையோர் முதலில் பார்க்கிறார்கள்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். இங்கே பல சமூகங்களில் இறந்தவரின் பெயரைச் சொல்வதையும் படத்தைக் காட்டுவதையும் துக்ககாலத்தில் தவிர்ப்பார்கள். யாரோ ஒருவர் முகநூலில் அந்தப் படத்தைப் போட்டுவிட்டால் முழுக் குடும்பமும் நொந்துபோகும். டித்வா புயலில் நமது மலைகள் சரிந்த நாட்களில், மண்ணிலிருந்து எடுத்த உடல்களின் படங்கள் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றியதை நான் இங்கிருந்தே பார்த்தேன். அந்தப் படங்களைப் பார்த்த பிள்ளைகளுடைய தூக்கத்தைப் பற்றி யாராவது கேட்டார்களா?

பதுளை வீதி எழுதுகிறார்:

டீச்சருக்கும் தங்கச்சிக்கும் வணக்கம். பதுளை மாவட்டத்தில் சமூக சேவைத் துறையில் நீண்ட காலம் வேலை செய்தவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கையோடு தொடங்குகிறேன். மலையகத் தமிழர் இந்த நாட்டின் பூர்வகுடிகள் அல்லர். 1823 முதல் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் நாம். இலங்கையின் பூர்வகுடிகள் வேடர்கள். அவர்களுடைய முக்கிய ஊரான தம்பானை நமது ஊவா மாகாணத்திலேயே, மகியங்கனைக்கு அப்பால் இருக்கிறது. கிழக்கில் வாகரைப் பக்கம் தமிழ் பேசும் கரையோர வேடர்களும் வாழ்கிறார்கள். 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனம் செய்யப்பட்டபோது தம்பானை மக்கள் தங்கள் வேட்டைக் காட்டை இழந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்பதை அவர்களிடமே கேட்க வேண்டும். அந்த இடத்தில் நாம் போய் உட்கார்ந்துகொள்வது நியாயமில்லை.

ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பது தவறென்று நான் நினைக்கவில்லை, ஒப்பிடும் இடத்தைச் சரியாகத் தெரிந்துகொண்டால் போதும். காட்டை இழந்த கதை அவர்களுடையது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தத்தில் ஆட்களைக் கணக்குப் போட்டுப் பிரித்து, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை நாடற்றவர்களாகச் சிலரை விட்டுவைத்த கதை நம்முடையது. இரண்டிலும் பொதுவாக இருப்பது, தன் வாழ்வைப் பற்றிய முடிவு தன் கையில் இல்லை என்ற நிலை. அது உடம்பில் போய் உட்காருகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மைக்கேல் சாண்ட்லரும் கிறிஸ்தோபர் லலோண்டும் 1998இல் வெளியிட்ட ஆய்வு அந்தச் சான்று. பூர்வகுடி இளையோர் தங்கள் உயிரை மாய்த்துக்கொள்வது எல்லாச் சமூகங்களிலும் ஒரே அளவில் இல்லை என்று அவர்கள் கண்டார்கள். சில சமூகங்களில் மிக அதிகம், சிலவற்றில் அறவே இல்லை. சுயாட்சி, நில உரிமைக்கான முயற்சி, பாடசாலையையும் சுகாதார சேவையையும் தாமே நடத்துதல், பண்பாட்டு நிலையம் ஆகியவை எங்கே கூடுதலாக இருந்தனவோ, அங்கே அந்த மரணங்கள் குறைவாக இருந்தன. ஆராய்ந்த எல்லா அம்சங்களும் ஒருங்கே அமைந்த சமூகங்களில் அந்த ஆய்வுக் காலத்தில் அப்படியொரு மரணமும் பதிவாகவில்லை. இதை வாசித்த நாளிலிருந்து, லயன் பிள்ளைகளின் மனநிலையைப் பற்றிப் பேசும் எந்தக் கூட்டத்திலும் நான், தோட்டக் குடும்பத்துக்குச் சொந்த வீடு கட்டக் கேட்கும் 7 பேர்ச்சஸ் காணியைப் பற்றிப் பேசாமல் எழுந்ததில்லை. சொந்தக் கூரை இல்லாத பிள்ளையிடம் நன்றாகத் தூங்கு என்று சொல்வதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

உடல்நலப் புள்ளிவிவரமும் அதைத்தான் சொல்கிறது. 2016ஆம் ஆண்டு குடித்தொகை மற்றும் சுகாதார மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதிலும் 17.3 வீதம், தோட்டத்துறையில் 31.7 வீதம். அப்போது குழந்தையாக இருந்தவர்கள் இப்போது உங்கள் கழகத்தின் வாசலுக்கு வந்துகொண்டிருக்கும் வயதினர். அவர்கள் கைபேசியைத் திறந்தால் வெள்ளை நிறமும் உயரமும் பெரிய வீடுமே தெரிகின்றன. கைபேசி அந்தக் குறையை உண்டாக்கவில்லை. உண்டான குறையை நாள் முழுவதும் எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறது.

கையில் இருக்கும் பலத்தையும் பாருங்கள். மாசி மாதம் காமன் கூத்து நடக்கும் தோட்டங்களில், தப்பு அடிப்பவரின் கையருகே கைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் இந்தப் பிள்ளைகளே. முழு இரவுக் கூத்தையும் பதிவு செய்து முகநூலில் ஏற்றுகிறார்கள். கட்டாரிலும் கொழும்பிலும் வேலை செய்யும் அண்ணன்மார் அதற்குக் கீழே தங்கள் டிவிசன் பெயரை எழுதுகிறார்கள். ஊரின் பெயரைத் தயங்காமல் சொல்ல முடிவதே சுகம் என்று ஒரு பிள்ளை எழுதியிருந்ததாகச் சொன்னீர்கள். அந்தத் தயக்கம் தீரும் இடங்களில் இதுவும் ஒன்று.

அக்கரப்பத்தனைப் பிள்ளை எழுதுகிறார்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 21 வயது. இங்கே எழுதுபவர்கள் எல்லோரும் எங்களைப் பற்றி எழுதுவதால், நானும் எழுதலாம் என்று நினைத்தேன். பதுளை அண்ணா சொன்னதில் எனக்கு உடன்பாடு, ஆனால் காணி கிடைக்கும் வரை காத்திருக்க எங்களால் முடியாது. இன்றைக்கு ராத்திரியும் நாங்கள் கைபேசியைத் திறப்போம்.

நானும் என் சிநேகிதியும் கொழுந்து மலையில் எடுத்த ஒரு சிறிய வீடியோவை டிக்டொக்கில் போட்டோம். படங்கு கட்டியபடி, கூடையோடு, சிரித்துக்கொண்டு நின்றோம். நிறையப் பேர் நன்றாக இருக்கிறது என்று எழுதினார்கள். அவர்களுக்கு நடுவில் ஒருவர் ‘தோட்டக்காட்டான்’ என்று இழிவாக எழுதியிருந்தார். எழுதியவர் சிங்களவர் அல்லர், தமிழர். அந்த ஒரு வரியை என் சிநேகிதி திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் முகத்தை வெள்ளையாக்கிக் காட்டும் பில்டர் இல்லாமல் படம் எடுப்பதில்லை. பின்னர், முகநூல் நேரலையில் ஒரு பெண் விற்ற கிரீமை வாங்கினாள். சிறிய வெள்ளை டப்பா. மூடியில் ஒரு பூப்படம் மட்டும் இருந்தது. யார் செய்தது, எதனால் செய்தது, எப்போது காலாவதி என்று எதுவும் இல்லை. முதல் சில வாரம் முகம் பளிச்சென்று வந்தது. பிறகு கன்னத்துத் தோல் மெலிந்து சிவந்து, மலையில் வெயில் பட்டால் எரியத் தொடங்கியது. கிரீமை நிறுத்தினால் இன்னும் கறுத்துவிடும் என்று பயந்து தொடர்ந்து பூசினாள்.

வைத்தியசாலைக்குப் போனோம். எந்த வைத்தியசாலை என்று சொல்லப்போவதில்லை. எங்களுக்கு விளங்கும் மொழியில் யாரும் பேசவில்லை. ஒரு துண்டை எழுதித் தந்து அனுப்பினார்கள். என்ன வியாதி, ஏன் வந்தது என்பதைத் தமிழில் விளக்கிச் சொன்னது தமிழ்நாட்டுத் தோல் வைத்தியர் ஒருவரின் யூடியூப் காணொளிதான். கிரீமை விற்றதும் கைபேசி, விளக்கத்தைத் தந்ததும் கைபேசி. அதனால்தான் கைபேசியைப் பறித்தால் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் சொல்லும்போது எனக்கு அழுகை வருகிறது. டிஸ்பென்சரியில் தமிழில் பேசும் ஒருவரை இருத்திவிட்டுப் பிறகு பறியுங்கள்.

டீச்சர், நீங்கள் தாளில் எழுதச் சொன்னது நல்ல விடயம். எங்களிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. மாதாந்தம் சுகாதாரம் பற்றிப் பேச வருபவர்கள் கை கழுவுவதைப் பற்றிப் படம் போட்டுக் காட்டுவார்கள். எங்கள் லயத்துப் பீலியில் தண்ணீர் காலையில் ஒரு மணித்தியாலம்தான் வரும் என்று சொன்னால், அது தோட்ட நிர்வாகத்தின் வேலை என்பார்கள்.

டிஸ்பென்சரி அனுபவஸ்தர் எழுதுகிறார்:

அக்கரப்பத்தனைத் தங்கச்சிக்கு மட்டும் ஒரு சிறிய பதில். விவரச்சீட்டு இல்லாத வெள்ளைக் கிரீம்களில் பாதரசமோ, ஸ்டிரோயிட் மருந்தோ, இரண்டுமோ கலந்திருக்கலாம். பாதரசம் தோல் வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தையும் நரம்பையும் பாதிக்கும். கர்ப்பிணியின் வயிற்றுப் பிள்ளையையும் விடாது. ஸ்டிரோயிட் தோலை மெலியச் செய்யும், நிறுத்தும்போது முகம் சிவந்து பொங்கும். ஆகவே உங்கள் சிநேகிதி பயந்ததில் நியாயம் இருக்கிறது, ஆனால் தீர்வு தொடர்ந்து பூசுவது அல்ல. அந்த டப்பாவை எறியாமல் எடுத்துக்கொண்டு தோல் நோய் கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கள். வைத்தியருக்கு அதைக் காட்டுவது அவசியம். சிறுநீர்ப் பரிசோதனை தேவையா என்பதை அவர் சொல்வார். வீட்டில் ஒரே துவாயைப் பாவிக்கும் தம்பி தங்கைகள் இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் பாதரசம் துணி வழியாகவும் மற்றவர்களுக்குப் பரவும்.

மனம் தாங்கவில்லை என்று யாராவது சொன்னால், 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். அது தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம்.

மஸ்கெலியா வாசகி மீண்டும் எழுதுகிறார்:

எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கரப்பத்தனைத் தங்கச்சி, நீங்கள் எழுதியதை உங்கள் அனுமதி இருந்தால் கழகத்துப் பெரியவர்களுக்கு அப்படியே வாசித்துக் காட்ட விரும்புகிறேன். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன்.

பதுளை அண்ணாவின் எச்சரிக்கையை ஏற்கிறேன். தம்பானையையோ அலிஸ் ஸ்பிரிங்ஸையோ எங்கள் கதையாக நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அங்குள்ளவர்கள் எடுத்துக்கொண்ட உரிமை ஒன்று எங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்று நினைக்கிறேன்: சுகம் எது என்று முதலில் சொல்லும் உரிமை. நிகழ்ச்சிநிரலை வெளியிலிருந்து எழுதிக்கொண்டு வருபவர்கள் பல தலைமுறையாக வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்கள் கொண்டுவரும் படங்களில் எங்கள் பீலியும் இல்லை, எங்கள் காம்பராவும் இல்லை.

அடுத்த கூட்டம் பௌர்ணமி விடுமுறையன்று நடக்கும். கைபேசியைக் கைவிடச் செய்யும் கூட்டமாக அது இருக்காது என்று பெரியவர்களிடம் இன்று சொல்லிவிட்டேன். ஒருவர் கோபித்துக்கொண்டார், மற்றவர்கள் பார்ப்போம் என்றார்கள். அன்று பிள்ளைகள் தங்கள் கைபேசியோடுதான் வருவார்கள். கடந்த வாரத்தில் அந்தத் திரையில் பார்த்தவற்றில் மனதுக்கு இதமாக இருந்த ஒன்றையும், தூக்கத்தைக் கெடுத்த ஒன்றையும், விருப்பமானால் மட்டும், பக்கத்திலிருப்பவருக்குக் காட்டச் சொல்லப்போகிறேன். விவரச்சீட்டு இல்லாத கிரீம் டப்பாக்களையும் கொண்டுவரச் சொல்வேன். குடும்பநல உத்தியோகத்தர் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். வசைச் சொற்களைத் தளங்களுக்கு முறைப்பாடு செய்யும் விதத்தை, தமிழில், பொத்தான் பொத்தானாகக் காட்டக்கூடிய ஓர் இளைஞரோ யுவதியோ ஹட்டன், மஸ்கெலியா பக்கத்தில் இருந்தால், தயவுசெய்து இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள். நேரில் வர முடியாவிட்டால் வட்ஸ்அப் அழைப்பில் கலந்துகொள்ளலாம். எங்கள் கழகக் கட்டடத்தின் கோவில் பக்க ஜன்னலருகில் சிக்னல் ஓரளவு கிடைக்கும்.